தராசடியில் கற்ற பாடம்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இக்காலத்தில் அது புருஷருக்கு மாத்திரம் உரிய லட்சணம் அன்று. ஆடவரும் பெண்டிருமாக யாவரும் உத்தியோகம் தேடிப் புறப்படுகின்றனர். ஹட்டன் புகையிரத நிலையத்தில் சற்று நேரம் நின்று பார்த்தால் அவர்களைக் காணலாம். கையில் சான்றிதழ்க் கோவை. உடம்பில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. முகத்திலே இன்னதென்று சொல்ல முடியாத ஒரு கலக்கம். தோட்டத்து விளைபொருளைக் கொழும்புக்கு இறக்குவதற்காக 1884ஆம் ஆண்டில் ஹட்டனை வந்தடைந்த அந்த இருப்புப் பாதை, இன்று எங்கள் பிள்ளைகளை நேர்முகப் பரீட்சைகளுக்கு ஏற்றிச் செல்கிறது. அவர்களைக் காணும்போதெல்லாம் நான் தோற்றுப்போன இரண்டு நேர்முகப் பரீட்சைகள் என் நினைவுக்கு வருகின்றன. வெற்றி பெற்ற கதையைப் பலரும் சொல்வர். தோல்வியின் கதையே மாணவர்களுக்கு அதிகம் உதவும் என்று எண்ணி இதை எழுதத் துணிந்தேன்.

முதலாவது பரீட்சைக்கு நான் போகவே இல்லை. 1992ஆம் ஆண்டில் ஓர் அரசாங்கக் காரியாலயத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அவ்வாறு விண்ணப்பித்த முதல் ஆள் நானே. அதற்கு முன்னே விண்ணப்பிக்கும் தகுதிகூட எங்களுக்கு இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்களை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே எங்கள் வீட்டில் எல்லோரும் இந்நாட்டுப் பிரஜைகளாயினோம். அதற்குப் பிறகும் எஞ்சியிருந்த குடும்பங்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஆகையால் அந்த விண்ணப்பப் படிவத்தில் ‘இலங்கைப் பிரஜை’ என்று எழுதியபோது என் கை சற்றே நடுங்கிற்று.

அழைப்புக் கடிதம் வரத்தான் செய்தது. ஆனால் பரீட்சை நடந்து நான்கு நாட்கள் சென்ற பிறகு வந்தது. எங்கள் லயத்துக்கு இலக்கமும் இல்லை, வீதியும் இல்லை. தோட்டத்தின் பெயரும் ‘மேற்பிரிவு’ என்ற சொல்லுமே எங்கள் விலாசம். நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கும் அதுவே விலாசம். தபால் முழுவதும் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து மலைக்குப் போகும் எவரிடமாவது கொடுத்தனுப்பப்படும். என் கடிதம் எவருடைய மேசையில் எத்தனை நாள் உறங்கிற்று என்பதை நான் அறியேன். அப்பா கடிதத்தை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “கடுதாசி வந்துச்சே, அதுவே பெரிசு” என்றார். அவர் பரிகாசமாகச் சொல்லவில்லை. தம் பெயரோ, தம் பிள்ளையின் பெயரோ எழுதிய அரசாங்கக் கடிதத்தை அவர் கண்டது அபூர்வம்.

வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் இல்லாத லயங்கள் இன்றும் உண்டு. தொலைபேசியும் மின்னஞ்சலும் வந்துவிட்டமையால் தொல்லை குறைந்திருக்கிறது; தீர்ந்துவிடவில்லை. பதிவுத் தபாலில் வரும் கடிதங்கள் இன்னமும் உள்ளன. அந்த அநுபவத்துக்குப் பிறகு பட்டணத்திலுள்ள தெரிந்த கடையொன்றின் விலாசத்தைக் கொடுத்து, வாரந்தோறும் அங்கே சென்று விசாரிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுவே: விண்ணப்பம் நன்றாக இருப்பது எவ்வளவு அவசியமோ, பதில் உங்கள் கைக்கு வந்து சேரும் வழி நன்றாக இருப்பதும் அவ்வளவு அவசியம்.

இரண்டாவது பரீட்சை 1993இல் கொழும்பில் நடந்தது. தேயிலை ஏற்றுமதி செய்யும் ஒரு வர்த்தக நிறுவனத்தில் இளநிலை எழுதுவினைஞர் வேலை. இரவுத் தபால் புகையிரதத்தில் ஏறி, உட்கார இடமின்றி நின்றுகொண்டே விடியற்காலையில் கோட்டை நிலையத்தில் இறங்கினேன். சட்டை என்னுடையது, சப்பாத்து பக்கத்து வீட்டு அண்ணனுடையது. அது ஓர் அங்குலம் பெரிது. நுனியில் பழைய பத்திரிகைத் தாளை அடைத்திருந்தேன்.

மூவர் அமர்ந்திருந்தனர். கணக்கிலே இரண்டு கேள்விகள் கேட்டார்கள், சரியாகச் சொன்னேன். ஆங்கிலத்தில் ஒரு பந்தி எழுதச் சொன்னார்கள், ஒருவாறு எழுதினேன். பிறகு நடுவில் இருந்த முதியவர் தமிழில் விசாரிக்கத் தொடங்கினார்.

“உமது ஊர் எது?”

“ஹட்டன், ஐயா.”

“ஹட்டனில் எவ்விடம்?”

“பட்டணத்துக்குச் சமீபம்.”

“தாயார் என்ன செய்கிறார்?”

“வீட்டில் இருக்கிறார்.”

காலை பத்து மணி இருக்கும். அவ்வேளையில் என் தாயார் வீட்டில் இருக்கவில்லை. இடுப்பில் படங்கு கட்டி, தலையிலிருந்து முதுகுக்குக் கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பனி ஈரம் உலராத தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அவர் பறித்த கூலியில் வாங்கிய பிரயாணச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது.

முதியவர் என் கோவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மிகச் சாதாரணமான கேள்வி ஒன்றைக் கேட்டார்: “தோட்டத்தில் ஒரு நாளைக்குக் கொழுந்தை எத்தனை தடவை நிறுக்கிறார்கள், தம்பி?”

அந்த அறையில் இருந்தவர்களுள் அக்கேள்விக்கு என்னைவிட நன்றாக விடை சொல்லக்கூடியவர் எவரும் இருந்திருக்க மாட்டார். காலை, மத்தியானம், மாலை என்று மூன்று தடவை நிறுப்பார்கள்; முற்றிய இலையைப் பொறுக்கி எறிவார்கள்; குறித்த நிறை சேராவிட்டால் ‘அரைப் பேர்’ போடுவார்கள்; தண்ணீருக்கும் சாக்குக்கும் கழிப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து தராசடியில் நின்றே வளர்ந்தவன் நான். ஆனால் விடையைச் சொன்னால் முன்னர் சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்துவிடுமே! “தெரியாது, ஐயா” என்றேன்.

வெளியே வந்து படிக்கட்டில் இறங்குகையில், தேநீர் இடைவேளைக்காக வெளியே வந்த அந்த முதியவர் என்னை அழைத்தார். “தம்பி, ஒரு சொல். உமது பள்ளிக்கூடச் சான்றிதழிலேயே தோட்டத்தின் பெயர் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்றால் அது நேர்மை. தெரிந்ததைத் தெரியாது என்றீரே, அதற்கு என்ன பெயர்? நாங்கள் தேயிலை வியாபாரிகள். தேயிலை தெரிந்த பிள்ளையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்” என்று சொல்லிவிட்டு, என் தோளைத் தட்டி உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழி முழுவதும் அவர்மீது எனக்குக் கோபமாகவே இருந்தது. அறையில் வைத்துச் சொல்லியிருக்கலாமே, இன்னொரு சந்தர்ப்பம் தந்திருக்கலாமே என்று மனத்துக்குள் வாதாடினேன். நாவலப்பிட்டியைத் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியபோதுதான், அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். தேர்வில் தோற்ற எவருக்கும் காரணம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இருக்கவில்லை. குளிர்ந்துபோகும் தம் தேநீரை விட்டுவிட்டு வந்து சொன்னார்.

மறுநாள் மத்தியானம் அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். நிறுவை நேரம். கங்காணி அம்மாவின் கூடைக்குள் கையை விட்டு, முற்றிய இலைகள் சிலவற்றை எடுத்து வெளியே எறிந்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை, தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்து, தராசடியில் நின்ற கணக்கப்பிள்ளை நிறையைப் பார்த்துவிட்டு மூன்று கிலோ கழித்து எழுதினார். அம்மா ஓரடி முன்னே வந்தார்.

“இலை முத்தலா இருந்தா எடுத்து வீசுங்க அய்யா, நான் ஒண்ணும் கேக்கல. மூணு நாளா மழையே இல்ல. தண்ணிக்கு எதுக்குக் கழிக்கிறீங்க?”

அவர் குரலை உயர்த்தவில்லை. இடத்தை விட்டும் அசையவில்லை. பின்னால் நின்ற பெண்களும் அசையவில்லை. கணக்கப்பிள்ளை வானத்தை ஒருமுறை பார்த்தார். மூன்றை வெட்டிச் சாக்குக்காக ஒன்று என்று எழுதினார்.

சாப்பிடுகையில் கொழும்பில் நடந்ததை எல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறைக்க முடியவில்லை. அம்மா வெகுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “மூணு தடவை நிறுக்கிறாங்கன்னு ஒனக்குத் தெரியுமே, சாமி” என்றார். அவ்வளவுதான். ‘என்னைச் சொல்ல வெட்கப்பட்டாயா?’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

கூடையைத் தூக்கிக்கொண்டு எழுகையில் அவர் இன்னொன்றும் சொன்னார்: “இலையைக் கொற சொன்னா கேட்டுக்கணும். தராசு தப்பா இருந்தா சும்மா இருக்கக் கூடாது. அந்தப் பெரியவர் சொன்னது இலையையா, தராசையா? நீயே பாரு.”

என் வாழ்நாளில் நான் கேட்ட அறிவுரைகளுள் அதற்கு நிகரானது வேறில்லை. மேலதிகாரி கடிந்து கொள்ளும்போது, விண்ணப்பம் திரும்பி வரும்போது, எழுதிய அறிக்கை சிவப்பு மையால் நிரம்பி வரும்போது, நான் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி அதுவே: இது இலையைப் பற்றிய குறையா, அன்றித் தராசின் குறையா?

மூன்றாவது நேர்முகப் பரீட்சை தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் நடந்தது. “அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பா கவ்வாத்து வெட்டுகிறார்” என்று சொன்னேன். வேலை கிடைத்தது. உண்மையைச் சொன்னதால் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். கணக்கு வந்ததால் கிடைத்தது. ஆனால் மறைக்க ஒன்றும் இல்லாதபோது கணக்கும் தெளிவாக வந்தது.

உத்தியோகம் கிடைத்துவிட்டால் பரீட்சை முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. அன்றுதான் அது தொடங்குகிறது. பெரிய கிளாக்கர் மிகக் கண்டிப்பானவர். பச்சைக் கொழுந்தின் நிறையையும், அதிலிருந்து கிடைத்த தேயிலையின் நிறையையும் தினந்தோறும் எழுதுவது என் வேலை. ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். ஒருநாள் நான் எழுதிய கணக்குப்படி மூன்று கிலோவிலிருந்தே ஒரு கிலோ கிடைத்திருந்தது. “தம்பி, இந்தக் கணக்கு உண்மையானால் நாமெல்லோரும் இந்நேரம் கோடீசுவரர்” என்று சொல்லித் தாளை என்முன் வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சிவந்தது. ஆயினும் அது இலையைப் பற்றிய சொல், கேட்டுக்கொண்டேன். அன்று முதல் எழுதிய எண்ணைப் பெருக்கிப் பார்த்துவிட்டே கையொப்பம் வைப்பேன்.

குறை சொல்லவும் குறை கேட்கவும் எனக்கு உண்மையில் கற்பித்தவர் டீமேக்கர். கொழும்பில் 1883ஆம் ஆண்டு முதல் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. ஏலத்துக்கு அனுப்பும் தேயிலையைச் சுவைத்துப் பார்த்துத் தரகர்கள் தொழிற்சாலைக்கு அறிக்கை அனுப்புவார்கள். அடுப்புச் சூடு மிஞ்சிவிட்டது, நிறம் மங்கியிருக்கிறது, நாரும் காம்பும் கலந்திருக்கின்றன என்று அதில் இருக்கும். டீமேக்கர் அதை வாசித்துவிட்டு ஒருபோதும் கோபித்ததில்லை. நேரே உலர்த்தும் இயந்திரத்தடிக்குச் சென்று உஷ்ணமானியைப் பார்ப்பார். இலை வாடிய விதத்தைக் கைக்குள் பிடித்துப் பார்ப்பார். ‘நீ கெட்ட டீமேக்கர்’ என்று அறிக்கையில் இராது. இந்தத் தேயிலையில் இன்ன குறை என்றே இருக்கும். ஆகையால் அடுத்த நாளே திருத்த முடிந்தது.

பிற்காலத்தில் நான் வாசித்த ஓர் ஆராய்ச்சியும் இதையே உரைத்தது. அவிரஹாம் குளூகர், ஏஞ்சலோ டெனிசி என்னும் இருவர் 1996இல் பழைய ஆய்வுகள் பலவற்றையும் தொகுத்து ஆராய்ந்தனர். வேலை செய்வோரிடம் அவர்களது வேலையைப் பற்றிக் கருத்துச் சொன்னால் பெரும்பாலும் வேலை சிறக்கிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களில் முன்னிலும் மோசமாகிறது என்று கண்டனர். சொல் வேலையை விட்டு ஆளின்மீது திரும்பும்போது அதன் பயன் குன்றுகிறதாம். வீட்டில் பிள்ளைகளின் புள்ளி அறிக்கையைக் கையில் எடுக்கும் தாய் தந்தையரும் இதை நினைவிற் கொள்வது நலம்.

அந்தத் தொழிற்சாலையில் மூன்றாம் ஆண்டிலே தராசின் குறை என் மேசைக்கே வந்து சேர்ந்தது. பிரிவுகளிலிருந்து வரும் நிறுவைப் புத்தகங்களைப் பெயர்த்து எழுதுகையில், ஒரு பிரிவில் தண்ணீருக்கான கழிவு மழை நாளிலும் வெயில் நாளிலும் ஒரே அளவாக இருப்பதைக் கண்டேன். தோட்டங்களில் மழைமானி வைத்துத் தினந்தோறும் மழையளவைக் குறிப்பது வழக்கம். அந்தக் குறிப்பேட்டை எடுத்து இரண்டு மாதத்துக் கணக்கை அருகருகே எழுதினேன். மழையே பெய்யாத நாட்களிலும் ஒவ்வொரு பெண்ணின் கணக்கிலும் இரண்டு கிலோ போயிருந்தது.

இரண்டு நாட்கள் அந்தத் தாளை மேசைக்குள் பூட்டி வைத்திருந்தேன். வேலைக்குப் பயம், வீட்டில் தங்கையின் கலியாணப் பேச்சு வேறு. மூன்றாம் நாள் அதைப் பெரிய கிளாக்கரிடம் கொடுத்தேன். “உம்மை யார் இதைப் பார்க்கச் சொன்னது?” என்று கேட்டார். “ஒருவரும் சொல்லவில்லை, ஐயா. இரண்டு புத்தகமும் பொருந்தவில்லை” என்றேன். எவரையும் திருடர் என்று நான் சொல்லவில்லை; திகதி, மழை, கழிவு என்று மூன்று நிரல்கள் மாத்திரமே தாளில் இருந்தன. அவர் ஒரு வாரம் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தாள் துரையிடம் போயிற்று. அடுத்த மாதம் அப்பிரிவில் வெயில் நாட்களின் கழிவு நின்றுவிட்டது. பழைய நாட்களில் போன கிலோக்கள் திரும்பி வரவில்லை. அந்தக் குறை இன்னமும் என் மனத்தில் உண்டு.

பல ஆண்டுகள் கழித்து, இப்போது நேர்முகப் பரீட்சை மேசையின் மறுபுறத்தில் அமரும் சந்தர்ப்பம் எனக்கும் அவ்வப்போது வாய்க்கிறது. அங்கே தராசு நானே. தேயிலை சுவைப்போரின் மேசையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: எல்லாக் கோப்பைகளுக்கும் ஒரே அளவு தேயிலை, ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம். 1980இல் வெளியான சர்வதேசத் தர விதியின்படி 100 மில்லிலீட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை; 6 நிமிடம். ஒரு கோப்பையை மூன்று நிமிடமும் இன்னொன்றைப் பத்து நிமிடமும் ஊறவைத்துவிட்டு எது சிறந்தது என்று எவரும் தீர்ப்புச் சொல்வதில்லை. மனிதரைத் தெரிவு செய்கையில் மாத்திரம் ஒருவரிடம் ஊரையும், இன்னொருவரிடம் உறவையும், வேறொருவரிடம் கணக்கையும் கேட்கிறோம். ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்போர் 85 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரையில், முன்னரே வகுத்த கேள்விகளை ஒழுங்காகக் கேட்டுப் புள்ளியிடும் நேர்முகப் பரீட்சை, மனம்போனபடி பேசும் பரீட்சையைவிடச் சிறந்தவரை இனங்காட்டுகிறது என்று காட்டினர். ஆகவே கேள்விகளை முதல் நாளே எழுதிவைத்து எல்லோரிடமும் அவற்றையே கேட்கிறேன். தெரிவாகாதவர் காரணம் கேட்டால், அவர் எங்கே குறைந்தார் என்பதை இரண்டு வரியில் எழுதி அனுப்புகிறேன்.

மாணவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் அமுலுக்கு வந்தது. அரசாங்க நிறுவனமொன்றின் நேர்முகப் பரீட்சையில் தமக்குக் கிடைத்த புள்ளிகளைத் தெரிந்துகொள்ள விரும்புவோர், அந்நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே கோரிக்கை எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீட்டுக்கும் வழியுண்டு. இது சண்டைக்கான ஆயுதம் அன்று. மழைக் குறிப்பேட்டைப் போல, பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கான இன்னொரு புத்தகம். குறை இலையில் இருந்தால் அடுத்த பரீட்சைக்குத் திருந்தலாம். தராசில் இருந்தால் அமைதியாகக் கேட்கலாம்.

‘தாயார் என்ன செய்கிறார்?’ என்ற கேள்வியை நான் எவரிடமும் கேட்பதில்லை. அவர் எதைச் செய்தாலும் பிள்ளையின் வேலைக்கு அது அளவுகோல் ஆகாது. ஆனால் சென்ற முறை ஒரு பெண்பிள்ளை, “கணக்கில் உமக்கு என்ன பழக்கம்?” என்ற கேள்விக்குத் தானாகவே விடை சொன்னாள்: “அம்மா கொழுந்து பறிக்கிறாங்க, ஐயா. மாதக் கடைசியில் நிறுவைச் சீட்டெல்லாவற்றையும் நான்தான் கூட்டிப் பார்ப்பேன். சம்பளச் சீட்டில் ரெண்டு தடவை பிழை கண்டுபிடித்திருக்கிறேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டு புள்ளியிடும் தாளைப் பார்த்தேன். 1993இல் ஒரு படிக்கட்டில் நின்ற பையனுக்கு இந்தத் தைரியம் இருந்ததில்லை. அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. தாயாரைப் பற்றிச் சொன்னதற்காகவா என்று வாசகர்கள் கேட்கலாம். இல்லை. பிறகு எல்லோருக்கும் கொடுத்த கூட்டல் கணக்கில் அவள் ஒருத்தியே பிழையில்லாமல் செய்திருந்தாள்.